கார்த்திகையில் வந்த சுறா

போன வாரம் அடைமழை. நாவலூரில் மகள் வீட்டில், பத்தாவது மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. நனைந்துபோன டெலிவரிக்காரர் ஒருவர் பால் சுறாவும் மாம்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். கார்த்திகையில்! மகளுக்கு அதில் ஓர் ஆச்சரியமும் இல்லை. எனக்கோ அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதும் எழுபதுகளுக்கே போய்விட்டேன்.

அப்போது திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். செங்கல்பட்டு டவுனில் வளர்ந்த திமிர், மார்க்கெட்டுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும் என்ற நினைப்பு. அந்த ஊரில்தான் மாதத்துக்கு ஒரு ருசி என்று நாக்கு பழகியது. தையில் மொச்சையும் பனங்கிழங்கும். சித்திரையில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. ஆடியில் கூழும் கருவாடும். பச்சைக் கடலை அவித்தால் தெருவே மணக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், கட்டுமரம் இறங்காது, தினமும் ரசம்தான். ரசத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இப்போது கேட்டு வாங்கிக் குடிக்கிறேன், அது வேறு கதை.

எங்களுக்கு மீன் கொண்டுவருபவள் அஞ்சலை. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருவாள். மீனுக்குப் பதில் கடலையோ நெல்லோ போடுவோம். ஒரு சித்திரையில் அவள் கூடையைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அஞ்சலை ஏற இறங்கப் பார்த்தாள், விரலை மடக்கி எண்ணினாள்.

"கார்த்திகையில பொறக்கும். கட்டுமரம் எறங்காத மாசமாச்சே!"

வீட்டில்கூட நான் இன்னும் சொல்லவில்லை. வெட்கத்தில் அவளைத் திட்டி அனுப்பிவிட்டேன்.

சொன்னபடி கார்த்திகையில் இந்த மகள் பிறந்தாள். எனக்குப் பால் போதவில்லை. குழந்தை ஓயாமல் அழுதது.

"டப்பா பால் வாங்கினு வந்துட்றேன். கொழந்த காஞ்சிகினு கீது, இன்னா வீம்பு இது?" என்றார் என் கணவர்.

"இன்னும் மூணு நாள் பாருங்க" என்றேன். நானே கொடுப்பேன் என்று ஒரு வைராக்கியம். பால் சுறா தின்றால் தாய்ப்பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் புயல் மழையில் சுறாவுக்கு எங்கே போவது?

மறுநாள் அஞ்சலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். பஸ் இல்லை, பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள். மடியிலிருந்து ஓர் ஓலைப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே பால் சுறாக் கருவாடு.

"இப்ப ஏது சுறா?"

"நீ திட்னியே, அந்த வாரம் புடிச்சது. உனக்குன்னு உப்பு போட்டு வச்சேன். வெயிலு அடிக்கும்போதெல்லாம் எடுத்துக் காய வச்சிகினு இருந்தேன். பூண்டு நெறையப் போட்டு ஆக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுறாவோ பூண்டோ, மூன்றாம் நாள் பால் சுரந்தது. டப்பா வீட்டுக்குள் வரவேயில்லை.

அஞ்சலை போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அவள் மீன் காய வைத்த மணலில் இன்று ஏதோ ரிசார்ட்.

சுறாவைக் கழுவிக்கொண்டே மகளிடம் கேட்டேன், "இது யாருக்குடி வாங்கின?"

"யாருக்கும் இல்லம்மா. ஆஃபர்ல இருந்துச்சு."

பாதிச் சுறாவுக்கு உப்பு தடவி வைத்துவிட்டேன். வெயில் வந்ததும் பால்கனியில் காய வைப்பேன், நாற்றம் என்று யார் சண்டைக்கு வந்தாலும் சரி. யாருக்காக என்றுதான் இன்னும் தெரியவில்லை.