நல்ல பெட்ரோலும் மரவள்ளி டிரெய்லரும்

இன்று மதியம் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் பெட்ரோலில் ஓடும் குட்டி யானை லோடு வண்டி ஒன்று நின்றது. அதில் வாய்வரை மரவள்ளிக்கிழங்கு. போதாததற்குப் பின்னால் கட்டிய டிரெய்லரிலும் கிழங்கு. அதன்மேல், காலையிலிருந்து கிழங்கு பிடுங்கிய நான்கு பெண்கள்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குது. ஆக்டேன் சாஸ்தியா இருக்கற பெட்ரோலே போடுங்க" என்றார் ஓட்டி வந்தவர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க, அதுல இன்ஜின் தட்டற சத்தம் வேணா கொறையுங்க. இழுவை சாஸ்தியாகாதுங்க. பாதி லோடை எறக்குங்க."

"உங்க வேலையப் பாருங்க."

பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினார். பங்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேட்டிலேயே வண்டி முனகி நின்றது.

"ஏம்மா, எறங்கித் தள்ளுங்க."

நான்கு பெண்களும் இறங்கித் தள்ளினார்கள். பார்த்துக்கொண்டு நிற்கக் கூசியதால் நானும் தள்ளினேன். வண்டி ரோட்டில் ஏறியது.

மனிதர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா, நல்ல பெட்ரோலு போட்டதும் எப்படி இழுக்குதுன்னு."

அந்தப் பெண்கள் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. சீ என்றாகிவிட்டது.

எங்கள் ஐந்து பேரின் ஆக்டேன் எவ்வளவு இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.