சுந்தரேசய்யரும் பன்னிரண்டு கள்ளித் தொட்டிகளும்

வங்காளத்துப் பவானிபூரில் என் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தவர் சுந்தரேசய்யர். சணல் கம்பெனியில் கிளார்க்கு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனாலேயே பதினோரு வருஷமாக ஒரே நாற்காலி.

1912 பங்குனியில் அவருடைய துரை லீவில் சீமைக்குப் போகும்போது, தான் வளர்த்த பன்னிரண்டு கள்ளித் தொட்டிகளை அய்யரிடம் ஒப்படைத்தார். திரும்பும்போது பன்னிரண்டும் உயிரோடு இருந்தால் ஹெட் கிளார்க் வேலை.

அய்யர் சம்சாரம் காமு, துளசிக்கு ஊற்றுவதுபோல் தினம் ஊற்றினாள். பத்தே நாளில் ஒரு செடி அடியில் குழைந்துவிட்டது. அய்யர் என்னிடம் ஓடிவந்தார்.

"முதலியார்வாள், என் உத்தியோகம் அழுகறது!"

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கே ஜல்லி கொடுத்தவன்.

"தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி எதுக்கு, அய்யரே? தண்ணி நிக்காம இருக்கத்தான். கள்ளிக்கும் அதேதான்" என்றேன். அழுகலைச் சீவிக் காயவைத்து, செங்கல் ஜல்லியும் மணலும் கலந்த மண்ணில் நட்டேன். பிழைத்தது. எந்த எஞ்சினீயரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பிறகு ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தினேன். பதினொன்றில் தண்ணீர் கசிந்தது. ஒன்றில் பால் வடிந்தது.

"இது சீமைச் சரக்கில்ல. நம்ம ஊர் வேலியில நிக்கிற இலைக்கள்ளி. மழை பட்டாத்தான் துளிர்க்கும். இதை மட்டும் கீழ முற்றத்துல வையுங்க."

ஆடி மழையில் அந்த மொட்டைத் தடி தளதளவென்று இலை விட்டது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார வங்காளி அம்மாள் பார்த்துவிட்டு, "ஓ மா! மா மனசா!" என்று விழுந்து கும்பிட்டாள். பாம்புகளை ஆளும் மனசா தேவி வங்காளிகளுக்கு இந்தக் கள்ளியில்தான் குடியிருக்கிறாள். மறுநாள் முதல் குங்குமம், பால், வாழைப்பழம். தெருப் பெண்கள் எல்லாம் முற்றத்தில்.

துரை வர மூன்று வாரம் இருந்தது. தொட்டியைத் தூக்கப் போன அய்யரை அம்மாள் மறித்தாள். "தாராளமா எடுங்க, பாபு. மா கோபத்துல பாம்பை அனுப்பினா உங்க மாடிக்குத்தான் அனுப்புவா."

"ஏன்னா, ஹெட் கிளார்க்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மேல வாங்கோ!" என்று காமு அலறினாள்.

நான் பெரியம்மா முறை கொண்டாடிப் புகுந்தேன். நான் பேசும் வங்காளம் வங்காளிகளையே நடுங்க வைக்கும். "மாஷிமா, பொண்ணைக் கட்டிக்கொடுத்தா அம்மா வீட்டை விட்டுப் போயிடுவாளா? ஒரு கிளையைத் துரை வீட்டுக்கு அனுப்புங்க."

அம்மாள் யோசித்தாள். கற்பூரம் காட்டி, தானே அரிவாளால் ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தாள். உடனே நடத் துடித்த அய்யரைத் தடுத்து, வெட்டுவாய் காயப் பத்து நாள் நிழலில் போட்டுவைத்து வேறொரு தொட்டியில் நட்டேன்.

தொட்டிகளோடு நானும் துரை பங்களாவுக்குப் போனேன். துரை எண்ணினார். மூன்றடிச் செடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாண் குச்சி, குங்குமப் பொட்டோடு நின்றது.

"இதென்ன?"

'காய்ந்ததில் சுருங்கிவிட்டது' என்று சொல்லும்படி வழியெல்லாம் ஓதியிருந்தேன். அய்யரோ நடந்ததெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார்.

"என் கண்ணாடி வராந்தாவில் ஏழு வருஷம் இருந்தது. ஓர் இலைகூட விட்டதில்லையே!" என்று துரை நேரே பவானிபூருக்குக் கிளம்பிவிட்டார். அம்மாள் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். ஈர முற்றத்தில் காலுறையோடு நின்று வாய்பிளந்து பார்த்தவர், "என்ன உரம் போட்டாய்?" என்று அய்யரைக் கேட்டார்.

"நான் ஒன்றும் போடவில்லை, சார். அவர்கள்தான் பாலும் பழமும் வைக்கிறார்கள்."

மறுவாரம் அய்யர் ஹெட் கிளார்க். பங்களாவில் எல்லாத் தொட்டிக்கும் பால் ஊற்ற உத்தரவாகியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை நிறுத்தச் சொல்லி துரைக்கு எழுதியதுதான் அந்தப் பதவியில் அவர் செய்த முதல் வேலை. வாசகம் நான் சொன்னது.