ஜெயபாரதி வண்டியின் வேல் விளக்கு

ஜெயபாரதி தினமும் நான்கு பிள்ளைகளைத் தேனாம்பேட்டையிலிருந்து அடையாறு பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறவள். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. பிரேக் கெட்டது என்றது. ஏர்பேக் போச்சு என்றது. வண்டி ஓடும்போதே வேக முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கதவு திறந்திருக்கிறது என்று வேறு. இறங்கிப் பார்த்தால் எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்தன. பிரேக்கும் நன்றாகவே பிடித்தது.

“சரியான புளுகு மூட்டை!” என்று திட்டிவிட்டு, மீட்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பாவம், எதை என்று நம்புவாள்?

ஆனால் ஒருநாள் காலை மகளை ஏற்றிவிட வந்த அன்புச்செல்வி பார்த்துவிட்டாள். “இன்னாக்கா, இவ்ளோ லைட்டு எரியுது? இத சரி பண்ணு, அப்பாலதான் என் பொண்ண ஏத்துவேன்” என்று மகள் தமிழ்மொழியை இறக்கிக்கொண்டாள். ஒரு தாய் இறக்கினால் மற்றவர்களும் இறக்குவார்கள். மீதிப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு ஜெயபாரதி மெக்கானிக் காஷிஃபிடம் ஓடினாள்.

“மீட்டருக்கு சொந்தமா ஒண்ணும் தெரியாதுக்கா” என்றான் காஷிஃப். “இஞ்சின், பிரேக், கதவு எல்லாம் முறுக்கிக்கினு போற ரெண்டு ஒயர்ல பேசிக்கினே கீது. அது காதுல வுழுறததான் மீட்டரு காட்டும். நடுவுல யாரோ பூந்து பேச்சக் கெடுக்கறாங்க.”

“யாரு நைனா?”

அவன் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் வேலைக் காட்டினான். அதிலிருந்த குட்டி விளக்குக்காகப் பூஜையன்று அவளேதான் மீட்டருக்கு அடியில் கைக்கு அகப்பட்ட அந்த முறுக்கு ஒயரைச் சீவி இணைத்திருந்தாள். மங்கலாக எரிந்தாலும் மனம் குளிர்ந்திருந்தது. இப்போது கோபத்தை முருகனிடம் காட்டுவதா, தன்னிடமேவா என்று விளங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கழட்டு” என்றாள்.

வேல் அணைந்தது. காஷிஃப் ஒயரைச் சரிசெய்து வண்டியைக் கிளப்பினான். பிரேக் விளக்கு போனது, ஏர்பேக் விளக்கு போனது. கதவு விளக்கு மட்டும் போகவில்லை.

“இது மட்டும் ஏன் இன்னும் பொய் சொல்லுது?”

காஷிஃப் பின்சீட்டில் ஏறி, இடப்பக்கக் கதவை உள்ளிருந்து தோளால் லேசாகத் தள்ளினான். கைப்பிடியைத் தொடவே இல்லை. கதவு திறந்துகொண்டது.

“பூட்டு பாதிதான் வுழுது. இது ஒண்ணுதான் நெசத்த சொல்லிக்கினு இருந்துச்சுக்கா.”

சாயங்காலம் வீடு திரும்பும்போதெல்லாம் தமிழ்மொழி அந்தக் கதவில் சாய்ந்துதான் தூங்குவாள்.