ஏறப் பயந்த மரம்

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம், சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில், தகரக் கூரை போட்டு முனி என்று ஒரு கல்லைக் கும்பிடுகிறார்களே... அந்தக் கல்லை வைத்தவன் நான். என் கனவில் யாரும் வந்து சொல்லவில்லை. பூமியைப் பிளந்துகொண்டும் அது வரவில்லை. சாக்கடை ஓரம் கிடந்ததை எடுத்து, குங்குமம் தடவி வைத்தேன். மரம் ஏறப் பயந்து வைத்தேன்.

சொல்லிவிட்டேன். சிரிப்பதானால் சிரியுங்கள், திட்டுவதானால் திட்டுங்கள். எட்டு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் படுகிற எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

அப்போது நான் துரைமார் பந்தாடும் திடலில் புல் வெட்டுகிறவன். பினாங்கு மழைக்குப் புல் வளர்கிற வேகம் இருக்கிறதே! திங்கட்கிழமை வெட்டிய இடம் வியாழக்கிழமை கணுக்கால் உயரம் நிற்கும். முதுகு ஒடிய வெட்டினாலும் வெட்டியதற்கு அடையாளம் இராது. சாலை மரங்களில் வேலை செய்யும் கூட்டத்தாரைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். கயிறும் வாளுமாக அவர்கள் மேலே போனால் ரிக்‌ஷாக்காரன்கூட வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பான். குனிந்து புல் வெட்டுகிறவனை யார் பார்த்தார்கள்?

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. எங்களை மேய்க்கிற மண்டோரிடம் போய், "ஊர்ல பனை ஏறினவன் அண்ணே நான்" என்றேன். பொய். பனையைத் தரையில் நின்று பார்த்தவன் நான்.

சின்ன மரங்களில் எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாம் வாரம் இந்தத் தூங்குமூஞ்சி வந்தது. காற்றில் ஒடிந்த பெரிய கொம்பின் முண்டம் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தண்டோடு ஒட்ட அறுத்து, புண்ணில் தார் பூச வேண்டும். பாதி ஏறினேன். கீழே பார்த்தேன்... அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கொம்பைக் கட்டிக்கொண்டேன். கட்டெறும்பு கடிக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். "நாளைக்கு முடிச்சிடு" என்றார் மண்டோர். முடிக்காவிட்டால் மறுபடியும் புல்தான்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னே போனேன். கல், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். அன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும் என்றுதான் நினைத்தேன், நம்புங்கள். மண்டோர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். அவரிடம் நானே சாட்சி சொன்னேன், சாமி மரம் ஐயா, தொட்டால் ஆகாது என்று. அவர் பதிவேட்டில் எழுதினார். ஊர் வம்பு வேண்டாமென்று துரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் என் கையிலா இருந்தது? ஒருவர் சூலம் நட்டார். ஒருவர் கூரை போட்டார். சீனக் கிழவிகள் வந்து ஊதுபத்தி கொளுத்தினார்கள். முனி என்று பெயர் வைத்ததுகூட நானில்லை. இரண்டு கரு கலைந்து நொந்திருந்த என் மனைவி சிவகாமி, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், அங்கே போய்த் தொட்டில் கட்டினாள். பிள்ளை பிறந்தது. பெயர் முனியாண்டி! பெற்ற பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

இதற்கிடையில் தொழில் எனக்குப் படிந்துவிட்டது. ஏறி ஏறிப் பயம் போயிற்று. உளுத்ததைச் சுரண்டி, தார் பூசி, பொந்தைச் சிமெண்டால் அடைத்து எத்தனையோ மரங்களைப் பிழைக்க வைத்திருக்கிறேன். 'மர வைத்தியர்' என்று கேலி செய்கிறார்கள். சுத்தியால் தட்டினால் உள்ளே எப்படி இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

சென்ற மாதம் அந்தத் தூங்குமூஞ்சியைத் தட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை. நான் அறுக்காமல் விட்ட முண்டத்தின் வழியே எட்டு வருஷத்து மழை இறங்கி, தண்டு முழுவதும் மக்கிவிட்டது. வேரருகில் காளான். இனிச் சிமெண்டுக்கு வேலையில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு நல்ல காற்றுக்குத் தாங்காத அந்த மரத்தடியில்தான் வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிராணியிடம் ஓடினேன். "நீர்தானே அண்டைக்குச் சாமி மரம் எண்டு சொன்னனீர்? இப்ப வெட்டவேணும் எண்டால் துரை என்னையெல்லோ கேப்பார்" என்று பதிவேட்டை மூடினார். கோயில்காரர்கள் முனிக்கு ஒரு பூசை போடச் சொன்னார்கள். முட்டிக்கொள்ளச் சுவர்தான் பாக்கி.

வேறு வழியில்லாமல் சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "நீங்க வச்சீங்க, சரி. உங்கள வைக்கச் சொன்னது யாரு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வெளிய சொல்லிடாதீங்க. பிள்ளைக்கு ஆகாது" என்றாள். வெறும் கல் என்று தெரிந்த நானே சரியென்று தலையாட்டினேன்.

ஆகவே நான் செய்ததைக் கேளுங்கள். கூரையில் உரசுகிற கொம்புகளை மட்டும் இறக்குகிறேன் என்று கோயில்காரர்களிடம் அனுமதி வாங்கினேன். ஏறினேன். கோயில் பக்கத்துக் கனத்த கொம்புகளையெல்லாம் இறக்கிவிட்டேன். இப்போது மரத்தின் பாரம் முழுவதும் சாலைப் பக்கம். விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழும். அறுக்கும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அறுத்தேன்.

அந்தப் பக்கம் காதர் மாமா உட்காருகிறார். தோளில் காவடிபோல் கூடைகளைச் சுமந்து வந்து, மத்தியானம் அந்த நிழலில் இறக்கிச் சோறு விற்கிற கிழவர். "மாமா, இங்க உக்காராதீங்க, மரம் சரியில்ல" என்றேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். "முனி காவல் இருக்கற மரம், தம்பி. அது எங்க விழும்? உக்காந்து சாப்பிடுலா" என்று இலையில் மீன் குழம்பை ஊற்றினார். அது எப்படி உளுத்தது என்று விளக்கப் போனால் என்னைச் சொல்ல வேண்டும். இலையை வாங்கிக்கொண்டேன்.

இன்றும் அவரிடம்தான் சோறு வாங்குகிறேன். பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டு, அங்கே நிற்காமல் நடந்துவிடுகிறேன்.