ரோதைமுனி வரமாட்டேன் என்ற இரும்பு ஸ்டோர்

காலை ஆறரை மணிக்குக் கொத்மலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறினேன். போக வேண்டியது றொசல்ல. பார்க்க வேண்டியது என் சம்பந்தி மாரிமுத்துவின் தோட்டத்தில் இருக்கும் பழைய இரும்பு ஸ்டோர், அந்தக் காலத்து வார்ப்புப் பட்டறை. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த மனிதர் அதன் படங்களாகவே போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பேரன் படம் கேட்டால், பிள்ளையை அதன் முன்னால் நிறுத்தித்தான் எடுப்பார். எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை. வேலை என்று சாக்குச் சொன்னேன், உண்மையில் வயிற்றெரிச்சல்.

எங்கள் தோட்டத்திலும் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது புகைக்கூண்டு மட்டும். வரும் திங்கட்கிழமை அதையும் இடித்து, லொறி நிறுத்த இடம் எடுக்கப்போகிறது நிர்வாகம். “அவங்க எப்புடிக் காப்பாத்துனாங்கன்னு பாத்துட்டு வாங்க மாஸ்டர்” என்று கோயில் கமிட்டித் தலைவர் ராமையா கேட்டுக்கொண்டதால்தான் இந்தப் பயணம்.

நாவலப்பிட்டியில் ரயில் பிடித்தேன். வட்டவளையில் வழக்கம்போல மழை. றொசல்லயில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினேன். முந்நூறு ரூபாய்க்குக் குறையவில்லை.

“இரும்பு ஸ்டோருக்குத்தானே? இப்ப கொழும்புலருந்தெல்லாம் பாக்க வாராங்க சார். எங்களுக்கும் ஹயர் கெடைக்குது” என்றார். நான் கேட்டேனா? மழைத்திரை இல்லாத பக்கமாகத் திரும்பி மழையில் நனைந்துகொண்டே போனேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சம்பந்தி தானே கட்டிவைத்த மாளிகை மாதிரி ஸ்டோர் வாசலில் குடையோடு நின்றார்.

“வாங்க சம்பந்தி! செருப்ப இங்கனயே விட்ருங்க.”

ஓடையோரம் கருங்கல் சுவர்கள். நடுவில் கரிபிடித்த உலைவாய், பக்கத்தில் அச்சுப் பதித்து இரும்பு ஊற்றிய மணல் தரை. கோப்பிக் காலத்தில் பழத்தின் தோல் நீக்கும் மெசின்களுக்கு இங்கேதான் பாகங்கள் வார்த்தார்களாம். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் கொழுந்து அரைக்கும் மெசின்களுக்கு. மாட்டு வண்டியில் இரும்பு மலையேறி வந்திருக்கிறது. ஓடைத் தண்ணீர் பெரிய ரோதையைச் சுற்ற, அந்தச் சக்கரம் உலைக்குக் காற்றடித்திருக்கிறது.

ரோதை அப்படியே நின்றது. இரண்டு ஆள் உயரம், ஒரு பல்லும் உடையவில்லை. உலைக்கு மேலே தகரக் கூரை, சுவருக்குக் கம்பித் தாங்கல், மும்மொழிப் பலகை. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. புகைக்கூண்டின் மேல்பாதி எப்போதோ விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

பிறகுதான் ரோதையின் அடியில் சூலத்தையும் சிவப்புத் துணியையும் அன்று வைத்த செவ்வரத்தம்பூவையும் கவனித்தேன். ரோதைமுனி. மெசினில் கை வைக்கிறவர்களின் காவல் சாமி. எங்கள் மலைகளில் இவரைக் கும்பிடாமல் எந்தத் தொழிற்சாலை ஸ்டோரிலும் மெசின் ஓட்டமாட்டார்கள்.

“புதுத் தேயிலை ஸ்டோரு கட்டுனப்ப இவரையும் அங்க கொண்டுபோகத்தான் நின்னோம்” என்றார் சம்பந்தி. “கெடா வெட்டிக் கூப்புட்டோம். சாமியாடி மேல எறங்கி, வரமாட்டேன்னு ஒரே போடாப் போட்டாரு. அதுக்கப்புறம் பழைய இரும்பு ஏத்த லொறி வந்துச்சு. எந்தத் தோட்டத்து ஆளும் ரோதையில கை வைக்கல. லொறி சும்மாதான் போச்சு. தொல்பொருள் ஆளுங்கல்லாம் அப்புறந்தான் வந்தாங்க. ஆமா, ஒங்க முனி எங்க இருக்காரு?”

“புது ஸ்டோர்ல” என்றேன். “மேளதாளத்தோட கூட்டிக்கிட்டுப் போனோம்.”

“அதான் சம்பந்தி, ரோதைய அநாதையா விட்டுட்டீங்க.”

சுருக்கென்றது. அந்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். சாமிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று தோட்டமே பெருமைப்பட்டது. பிறகு எங்கள் ரோதையைத் துண்டு துண்டாக வெட்டி லொறியில் ஏற்றியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமி போன இடத்தில் வெறும் இரும்புதானே என்றிருந்தோம். நாங்கள் மரியாதையாகச் செய்ததில் இழந்ததை, இவர்கள் முனியின் பிடிவாதத்தால் வைத்திருக்கிறார்கள். பொறாமைப்படாமல் என்ன செய்வது?

மதியச் சாப்பாட்டில் மகள் காதருகே வந்து, “அப்பா, மொகத்தத் தூக்கி வச்சிக்காதீங்க” என்றாள். சம்பந்தி இரண்டாம் முறை கறி வைத்தார். அதுவும் நன்றாகவே இருந்தது.

திரும்பும் ரயிலில் ராமையாவுக்குப் போன் போட்டேன்.

“ஞாயித்துக்கெழமைக்கு மேளம் சொல்லுங்க. முனியப் பழைய எடத்துக்கே கூப்புடணும். அவரு வந்து ஒக்காந்துட்டா, திங்கக்கெழம எவன் கூண்டுல கை வைப்பான்?”

“வருவாரா மாஸ்டர்? அங்கதான் ரோதையே இல்லியே. வெறுங் கூண்டுக்கு எப்புடிக் கூப்புடுறது?”

சன்னலுக்கு வெளியே, தேயிலைக்கு மேலே, அவர்களுடைய அரைக் கூண்டு மழையில் மறைந்துகொண்டிருந்தது.

“றொசல்லக் கூண்டு பாதிதான் நிக்கிது, நம்மளது முழுசா நிக்கிதுன்னு சொல்லிக் கூப்புடுங்க” என்றேன். “அவருக்கும் ரோசம் இருக்கும்ல?”