ஸ்டெல்லா ஒட்டிய பேட்ச்

ஸ்டெல்லா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்... நாலே நாள். நேற்று அடக்கம்.

காரைக்காலில் ஒரே லேபில், ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. ஃபேஸ்புக்கில் எல்லாரும் அவரைப் பற்றி உருகி உருகி எழுதுகிறீர்கள். எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. அதையே எழுதிவிடுகிறேன்.

வாய்ப்புண்ணின் மேல் மருந்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பேட்ச் செய்வதுதான் எங்கள் வேலை. ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். ஆனால் வாய்க்குள் எந்நேரமும் எச்சில்... எதை ஒட்டினாலும் கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அவர் சேர்வதற்கு முன்பே நான் நாலு வருஷமாக அதிலேயே கிடந்தேன். நெரவியிலிருந்து வரும் வழியில் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கி, கன்னத்தின் உள்பக்கத்தை அறுத்து, அதில் ஒட்டிப் பார்ப்பேன். ஆட்டில் ஜம்மென்று நிற்கும். மனுஷ வாயில் நிற்காது. நானும் பசையைக் கூட்டிக்கொண்டே போனேன்.

சேர்ந்த மாதமே ஸ்டெல்லா கேட்டார், "வெட்டுன தலையில எச்சி ஊறுமா சார்?"

லேபே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு நாள், "பஞ்சர் ஒட்டுறவரு ட்யூப்ப தொடச்சுட்டுத்தானே சார் ஒட்டுறாரு? நம்ம பேட்ச் மொதல்ல எச்சிய உறிஞ்சட்டும். அப்பறம் ஒட்டட்டும்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நாலு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சொன்னபடியே ஸ்டெல்லா செய்தும் காட்டினார்; அனுமதி வாங்கி, மருந்து சேர்க்காத பேட்ச் ஒன்றைத் தன் கன்னத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டார். மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக் குறிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரே வேண்டுதல்... விழுந்து தொலையேன்!

கொதிக்கக் கொதிக்க டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு நார்த்தங்காய் ஊறுகாய். அன்பினால் இல்லை.

ஊறுகாயைச் சப்பிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். வாயைத் திறக்கச் சொன்னால், பேட்ச் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் வரை அசையவில்லை.

"நல்லா வந்திருக்கா சார்?" முகமெல்லாம் சிரிப்பு.

"பாக்கலாங்க" என்றேன்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டார். புண்ணோடு வந்தவர்கள் பேட்ச்சை ஒட்டிக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்த நாளிலும் கேட்டார். நல்லா இருக்கு... இந்த இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மீட்டிங்கில் வேறு, "சார்தான் டீ, ஊறுகாயெல்லாம் குடுத்து ஸ்ட்ரிக்டா டெஸ்ட் பண்ணாங்க" என்று எல்லார் முன்னாலும் நன்றி சொன்னார். அதற்கும் வயிறு எரிந்தது.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கக் கூட்டம். இவருக்கு இத்தனை பேரா என்று அங்கேயும் ஒரு எரிச்சல்... என்ன ஜென்மமோ நான்.

அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது செஞ்சது நல்ல மருந்தாங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டா, 'சார் இன்னும் சொல்லலம்மா'ன்னு சொல்லும்."

"நல்ல மருந்தும்மா" என்றேன். "என்னால முடியல. அவங்கதான் செஞ்சாங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன்.

போய்ட்டு வாங்க, ஸ்டெல்லா.