முடி முளைக்கும் வரை

அப்பா இறந்த சில மாதங்களில் விழுப்புரத்து வாடகை வீட்டைக் காலி செய்தோம். திண்டிவனத்திலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, டெம்போ கொண்டுவந்திருந்தார். பீரோவும் கட்டிலும் பாத்திர மூட்டைகளும் ஏறிய பிறகு நாய் மட்டும் மீதி நின்றது.

அது அப்பாவின் நாய். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், எங்கோ சாலையோரம் கிடந்த குட்டியைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். பெயர் வைக்கவில்லை. ‘டேய்’ என்று கூப்பிடுவார், ஓடிவரும். அவர் மஞ்சள்காமாலையில் படுத்ததிலிருந்து அதை யாரும் கவனிக்கவில்லை. சொறி பிடித்து, முதுகில் முடியெல்லாம் கொட்டி, தோல் சிவந்து கிடந்தது. கிட்டே போனால் நாற்றமடித்தது.

“இத எங்கக்கா ஏத்தறது? ஊட்ல கொழந்த இருக்குது” என்றார் மாமா.

அம்மா அந்த நாயை ஒருநாளும் தொட்டுக் கொஞ்சியவள் இல்லை. ஆனாலும், “அவரு வளத்தது தம்பி. உட்டுட்டு வர முடியாது” என்றாள்.

வழியில் கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினார்கள். மாமா கடைப் பக்கம் போனதும் அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “அங்க போயி அழுதுக்கினு நிக்காத. பச்சப்புள்ள இருக்கற ஊடு. நாம கண்ணக் கசக்கினா அவங்களுக்கு நல்லா இருக்காது.” எனக்குச் சொன்னது போலவும் இருந்தது, அவளுக்கே சொல்லிக்கொண்டது போலவும் இருந்தது.

அத்தை எங்களை நன்றாகவே வரவேற்றாள். பிள்ளை பெற்று அதிக நாளாகாத உடம்பு, அப்படியும் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாயைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. மறுநாள் மாமா அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்தச் சொறி மனிதர்களுக்கும் ஒட்டும், முடி முழுசாக முளைக்கும்வரை தனியாகக் கட்டிவையுங்கள் என்று டாக்டர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தனுப்பினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நல்லாயிடுச்சின்னா ஊட்டுக்குள்ளயே வெச்சிக்கலாம்” என்றாள் அத்தை. அம்மா உடனே தலையாட்டினாள்.

வீட்டுக்குப் பின்னால் மாமா வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை. அதன் கோடியில் மோட்டார் கொட்டகை. நாயை அங்கே கட்டினோம். மருந்து போடும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு போவாள். திரும்பி வந்து, துணியை அலசிப்போட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவாள். யாருக்கும் ஒரு குறை சொல்ல வழியில்லை.

அவள் கிளம்புகிற நேரம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் காலையில் போவாள், ஒருநாள் உச்சி வெயிலில். ஒரு மதியம் நாய்க்குச் சோறு எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து நாயின் முதுகில் மருந்தைத் தேய்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில கூட உன்னத்தாண்டா கேட்டாரு. சோறு வெச்சியா, தண்ணி வெச்சியான்னு. என்னப் பாத்து நீ சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேக்கலியேடா...”

நாய் அசையாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் சோற்றை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு கவனித்தேன். கரண்ட் வந்து மோட்டார் ஓடும்போது மட்டுந்தான் அவள் போகிறாள்.

நாய் தேறியது. முதலில் முதுகில் பூனைமயிர் போல அரும்பியது, பிறகு பழுப்பு நிறம் திரும்பியது. அத்தை விசாரித்தாள்.

“காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா. போவட்டும்” என்றாள் அம்மா.

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. நான் பார்த்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வருவதற்குள் மாமா நாயை டாக்டரிடம் காட்டிவிட்டு, குளிப்பாட்டி, வாசலில் கொண்டுவந்து கட்டியிருந்தார். அக்காவுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. “அக்கா, இங்க பாரு, யாரு வந்துக்கிறாருன்னு!” அத்தை அதற்கென்று ஒரு தட்டே எடுத்து வைத்திருந்தாள். அம்மா சிரித்தாள். நாயின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, அவள் கொல்லைப் பக்கம் நடந்தாள். கொல்லையில் நின்ற மாமா பார்த்துவிட்டார். “அங்க என்னாக்கா வேல? பூச்சி பொட்டு கெடக்கும், வராத.” அவள் பாதியிலேயே திரும்பினாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்றாள்.

அத்தை என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். மோட்டார் கொட்டகையில் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கேட்டு முடிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. சாயங்காலம் மாமா இல்லாத நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணி, இது உங்க தம்பி ஊடு. இங்கயே அழுங்க. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை. அத்தையின் தோளில் சாய்ந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அழுகை வரவில்லை. பிறகு, “பரவால்லம்மா, கொழந்தையக் குடு” என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நானும் அவளும் விழுப்புரம் போனோம். சுற்றிலும் எல்லாக் கல்லறைகளிலும் ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா அப்பாவின் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூவை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜெபமாலையை முணுமுணுப்பாகச் சொல்லி முடித்தாள். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. நான் மறுபடி ஏற்றக் குனிந்தேன்.

“போதும், ஜல்தி வா. பஸ்ஸு போயிடும்” என்று முன்னால் நடந்தாள்.